கோடு தெரிகிறது, சமன்பாடு வரவில்லை: பிள்ளைகளுக்கு எங்கிருந்து தொடங்குவது?

மாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சமன்பாடு கொடுத்தால் அட்டவணை போட்டு அழகாகக் கோடு வரைந்துவிடுகிறார்கள், அதே கோட்டை வரைந்து கொடுத்து "இதன் சமன்பாடு என்ன?" என்று கேட்டால் விழிக்கிறார்கள், இத்தனைக்கும் ஆயத்தொலை வடிவியல் பாடத்தில் இருக்கும் அத்தனை சூத்திரமும் மனப்பாடம், ஏன் இப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். இது உங்கள் பிள்ளைகளிடம் மட்டும் இருக்கும் குறை இல்லை, நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் இதே இடத்தில்தான் நிற்பார்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சமன்பாட்டிலிருந்து கோட்டுக்குப் போகும்போது பிள்ளை என்ன செய்கிறது என்று பாருங்கள். எக்ஸுக்கு 0 போடு, 1 போடு, 2 போடு, வரும் ஒய்யை எழுது, புள்ளி வை, அளவுகோலால் சேர். இதில் எந்த இடத்திலும் அந்தச் சமன்பாடு என்ன சொல்கிறது என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. திருப்பிப் போகும்போது அந்த வசதி கிடையாது, கோட்டைப் பார்த்து அதற்குள் இருக்கும் விதியைத் தானே கண்டுபிடிக்க வேண்டும். ஒரு கோட்டின் சமன்பாடு என்றால், அந்தக் கோட்டில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் கட்டுப்படுகிற, கோட்டுக்கு வெளியே இருக்கும் எந்தப் புள்ளியும் கட்டுப்படாத ஒரு விதி. இது மனதில் படாத பிள்ளைக்கு எத்தனை சூத்திரம் கொடுத்தாலும் எதை எங்கே போடுவது என்று தெரியாது. அதனால் என் முதல் யோசனை, சூத்திரங்களைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள்.

அவர்களுக்குப் பழகிப்போன அட்டவணையையே பாலமாக வைத்துக்கொள்ளலாம். (0, 1), (1, 3), (2, 5), (3, 7) வழியாகப் போகும் ஒரு கோட்டை வரைந்து கொடுங்கள். சமன்பாட்டைப் பற்றிப் பேச்சே எடுக்காமல், "இந்தக் கோட்டில் இருக்கும் புள்ளிகளைப் படித்து அட்டவணை போடு" என்று மட்டும் சொல்லுங்கள். அட்டவணை வந்ததும், "வலப்பக்கம் ஓர் அலகு நகர்ந்தால் ஒய் என்ன ஆகிறது?" என்று கேளுங்கள். இரண்டு கூடுகிறது. "எக்ஸ் பூஜ்ஜியமாக இருக்கும்போது ஒய் எவ்வளவு?" ஒன்று. சரி, இதை ஒரு வாக்கியமாக எழுது: ஒன்றில் தொடங்கி, ஒவ்வோர் அலகுக்கும் இரண்டிரண்டாக ஏறுகிறது. இந்த வாக்கியத்தை அவர்கள் கையாலேயே நோட்டில் எழுத வையுங்கள், வாயால் சொல்லிவிட்டுப் போக விடாதீர்கள். பிறகு ஒரு கேள்வி: "எக்ஸ் 10 ஆனால் ஒய் எவ்வளவு?" வரைபடத்தாளில் அந்தப் புள்ளி இருக்காது, தாள் அதற்கு முன்பே முடிந்துவிடும், ஆகவே வாக்கியத்தை வைத்துத்தான் யோசிக்க வேண்டும். 1 + 10 × 2 = 21. எக்ஸ் 50 ஆனால்? 101. இப்படி நாலைந்து முறை கேட்ட பிறகு "எக்ஸ் எதுவாக இருந்தாலும்?" என்று கேட்டுப் பாருங்கள், ஒய் = 1 + 2எக்ஸ் என்பதை அவர்களே சொல்வார்கள்.

ஒய் = 2எக்ஸ் + 1 என்று புத்தக வரிசைப்படி எழுதவில்லையே என்று உடனே திருத்தாதீர்கள். தொடக்கத்தை முதலில் எழுதி, ஏற்றத்தைப் பிறகு எழுதுவதுதான் அவர்கள் யோசித்த வரிசை. பெருக்குவதும் கூட்டுவதும் ஏன் அந்தந்த இடத்தில் வருகின்றன என்பது அந்த வரிசையில்தான் தெளிவாகத் தெரிகிறது. ஒய் = எம் எக்ஸ் + சி (எம் ஏற்றம், சி தொடக்கம்) என்ற வடிவத்துக்கு ஒரு வாரம் கழித்து மாற்றிக்கொள்ளலாம், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

இங்கே இன்னொரு பழக்கத்தையும் சேர்த்தே கொண்டுவந்துவிடுங்கள். சமன்பாடு எழுதி முடித்ததும், அதை எழுதப் பயன்படுத்தாத மூன்றாவது புள்ளி ஒன்றைக் கோட்டிலிருந்து எடுத்துப் பிரதியிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் சமமாக வந்தால் சரி, வராவிட்டால் எங்கோ தவறு. பெரும்பாலான பிள்ளைகள் விடை சரியா என்று உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள், அந்தப் பார்வை கோட்டின் பக்கம் திரும்ப வேண்டும். தேர்விலும் அரை நிமிடத்தில் முடிகிற வேலை இது.

அடுத்து சாய்வு, அதாவது எக்ஸ் ஓர் அலகு கூடும்போது ஒய் மாறும் அளவு. "ஓர் அலகு நகர்ந்தால்" என்று ஆரம்பித்தது நல்லதுதான், ஆனால் சாய்வு பின்னமாக வரும்போது அது திணறும். (−2, 5), (0, 2), (2, −1), (4, −4) வழியாகப் போகும் கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இதில் ஓர் அலகு நகர்ந்தால் என்ன ஆகிறது என்று கட்டத்தில் சுத்தமாகப் படிக்க முடியாது. இரண்டு அலகு வலப்பக்கம் போனால் மூன்று இறங்குகிறது, அது தெளிவாகத் தெரிகிறது. இரண்டுக்கு மூன்று இறக்கம் என்றால் ஒன்றுக்கு ஒன்றரை இறக்கம், அதாவது சாய்வு −3/2. தொடக்கம் 2. ஒய் = 2 − (3/2)எக்ஸ். (4, −4) ஐப் போட்டுப் பார்த்தால் 2 − 6 = −4, சரியாக வருகிறது.

சாய்வைத் தலைகீழாக, அதாவது 2/3 என்று எழுதுவதுதான் எல்லா இடத்திலும் பார்க்கும் தவறு. "ஒய் மேலே, எக்ஸ் கீழே" என்று ஆயிரம் முறை சொல்லலாம், பலன் குறைவு. எக்ஸ் ஓர் அலகு கூடும்போது ஒய் எவ்வளவு மாறுகிறது என்பதுதான் சாய்வு என்று தெரிந்த பிள்ளை, கோடு ஓரலகுக்கு ஓரலகை விட அதிகமாக இறங்குகிறதே, 2/3 எப்படி வரும் என்று தானே சந்தேகப்படும். குறியையும் அப்படியே சொல்லிக் கொடுங்கள்: இடமிருந்து வலமாகக் கோட்டின் மேல் விரலை நகர்த்தச் சொல்லுங்கள், விரல் ஏறினால் மிகை, இறங்கினால் குறை. கணக்குப் போடுவதற்கு முன்பே குறியை எழுதி வைத்துவிட்டால், கழித்தலில் ஒரு புள்ளியை மேலே முதலாகவும் கீழே இரண்டாவதாகவும் எடுத்துக் குழப்பினாலும் விடை வந்ததும் பிடிபட்டுவிடும்.

இப்போது அளவுத்திட்டம். வரைபடத்தாளின் மூலையில் "ஒய் அச்சு: 1 செ.மீ = 10 அலகுகள்" என்று அவர்களே எழுதுவார்கள், எழுதிவிட்டு மறந்துவிட்டுக் கட்டங்களை எண்ணுவார்கள். எக்ஸ் அச்சில் 1 செ.மீ ஓர் அலகு, ஒய் அச்சில் 1 செ.மீ பத்து அலகு, கோடு ஒரு கட்டம் வலப்பக்கம் போக இரண்டு கட்டம் ஏறுகிறது என்றால் சாய்வு 2 இல்லை, 20. கட்டத்தை எண்ணாதே, அச்சில் எழுதியிருக்கும் எண்ணைப் படி என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். இதைப் புரியவைக்க நல்ல வழி, ஒரே சமன்பாட்டை இரண்டு அளவுத்திட்டங்களில் வரையச் சொல்வது. ஒன்றில் கோடு செங்குத்தாக நிற்பது போலத் தெரியும், இன்னொன்றில் படுத்துக் கிடக்கும், இரண்டும் ஒரே கோடு என்று பார்க்கும்போது கண்ணுக்குத் தெரியும் சரிவை நம்பக் கூடாது என்பது தானாகப் புரியும்.

இதோடு சேர்ந்த ஒரு விஷயத்தைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். சாய்வு என்பது கோடு எக்ஸ் அச்சின் மிகைத் திசையோடு உண்டாக்கும் கோணத்தின் டான் மதிப்பு என்று படித்ததும், ஆர்வமுள்ள பிள்ளை கோணமானியை எடுத்துக் கோட்டின் மேல் வைத்து அளக்கும். யோசித்துச் செய்கிற வேலை, பாராட்ட வேண்டியதுதான். ஆனால் இரண்டு அச்சிலும் ஒரே அளவுத்திட்டம் இருந்தால் மட்டுமே அந்தக் கோணம் சரியான சாய்வைத் தரும். முன்பு சொன்ன சாய்வு 20 கோட்டைத் தாளில் அளந்தால் டான் மதிப்பு 2தான் கிடைக்கும்.

ஆதியிலேயே இன்னொன்றும் பழக்குங்கள், எந்தப் புள்ளிகளைத் தேர்ந்தெடுப்பது என்பது. கோடு கட்டங்களின் மூலையை மிகச் சரியாகக் கடக்கும் இடங்களைத் தேடி வட்டமிடச் சொல்லுங்கள், அதிலும் ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கும் இரண்டை எடுக்கச் சொல்லுங்கள். அருகருகே இருக்கும் புள்ளிகளில் கண்ணளவு சிறிது பிசகினாலும் சாய்வு நிறைய மாறிவிடும். ஆய்வகத்தில் ஓம் விதிக்கு வரைபடம் போடும்போதும் இதே கதைதான். மின்னோட்டம் எக்ஸ் அச்சில், மின்னழுத்தம் ஒய் அச்சில் என்றால் சாய்வுதான் மின்தடை. அதைக் கண்டுபிடிக்க வரைந்த கோட்டின் மேல் தள்ளியிருக்கும் இரண்டு இடங்களை எடுக்க வேண்டும், அளந்து குறித்த புள்ளிகளில் கோட்டை விட்டு விலகியிருப்பவற்றை எடுக்கக் கூடாது.

வெட்டுத்துண்டுக்கு வருவோம், இதுவரை தொடக்கம் என்று சொன்னோமே, கோடு ஒய் அச்சை வெட்டும் அந்த இடம்தான். ஒய் அச்சைக் கோடு சுத்தமாக ஒரு முழு எண்ணில் வெட்டினால் பிரச்சினை இல்லை. (2, 3), (5, 7) வழியாகப் போகும் கோடு ஒய் அச்சை எங்கே வெட்டுகிறது? கண்ணால் பார்த்தால் 0.3, 0.4, அரை என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். உண்மையில் 1/3. சாய்வு 4/3. இந்த மாதிரி ஒரு கோட்டை வேண்டுமென்றே கொடுங்கள், ஏனென்றால் ஒய் = எம் எக்ஸ் + சி மட்டும் போதாது என்று அவர்களுக்கே தோன்ற வேண்டிய இடம் இது. இங்கேதான் புள்ளியும் சாய்வும் கொண்டு எழுதும் வடிவத்தைக் கொண்டுவர வேண்டும், அதையும் சூத்திரமாகக் கரும்பலகையில் எழுதிப் போடாமல். கோட்டில் எந்த இரண்டு புள்ளியை எடுத்தாலும் சாய்வு ஒன்றுதான், அதுதான் அதை நேர்க்கோடு ஆக்குகிறது. அப்படியென்றால் (2, 3) இலிருந்து கோட்டில் உள்ள வேறு எந்தப் புள்ளிக்குப் போனாலும் சாய்வு 4/3 ஆகத்தானே இருக்க வேண்டும்? அந்தப் பெயர் தெரியாத புள்ளியை (எக்ஸ், ஒய்) என்று வைத்துக்கொள். ஏற்றம் ஒய் − 3, நகர்வு எக்ஸ் − 2. ஆகவே ஒய் − 3 = (4/3)(எக்ஸ் − 2). இதைச் சுருக்கினால் 3ஒய் − 9 = 4எக்ஸ் − 8, அதாவது 4எக்ஸ் − 3ஒய் + 1 = 0. சோதனைக்கு கோடு போகும் (−1, −1) ஐப் போடுங்கள்: −4 + 3 + 1 = 0.

என்னைக் கேட்டால் இந்த ஒரு வடிவம் மட்டும் ஆழமாகப் பதிந்தால் போதும். இரு புள்ளி வடிவம் என்பது சாய்வைக் கண்டுபிடிக்கும் வேலையையும் இதையும் ஒரே வரியில் அடைத்தது. சாய்வு–வெட்டு வடிவம் என்பது புள்ளியாக (0, சி) ஐ எடுத்துக்கொண்டது. நான்கு சூத்திரங்களை நான்கு தனித்தனி விஷயங்களாக மனப்பாடம் செய்த பிள்ளைக்கு "எந்தச் சூத்திரம் போடுவது?" என்பதே பெரிய கேள்வி ஆகிவிடுகிறது, உங்கள் பிள்ளைகள் விழிப்பதில் பாதிக் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

நடைமுறை உதாரணம் ஒன்று கட்டாயம் கொடுங்கள், அதிலும் தொடக்கம் பூஜ்ஜியத்தில் இல்லாத உதாரணமாக இருந்தால் நல்லது. 2013 ஆகஸ்டில் தமிழக அரசு சென்னை ஆட்டோக்களுக்கு நிர்ணயித்த மீட்டர் கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். இதை வரைந்தால் 1.8 வரை கோடு தட்டையாகப் போய் அங்கிருந்து ஏறும். ஏறும் பகுதிக்குச் சமன்பாடு கேளுங்கள். வெட்டுத்துண்டு 25 என்று நிறையப் பேர் சொல்வார்கள், கட்டணம் = 25 + 12 × தூரம் என்று எழுதுவார்கள். 5 கிலோமீட்டருக்கு 85 ரூபாய் வருகிறதே, சரியா என்று கையால் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: முதல் 1.8க்கு 25, மீதி 3.2க்கு 38.40, ஆக 63.40. இந்தக் கோட்டுக்குத் தெரிந்த புள்ளி (1.8, 25), ஆகவே கட்டணம் − 25 = 12 × (தூரம் − 1.8), சுருக்கினால் கட்டணம் = 12 × தூரம் + 3.40. அந்த 3.40 ரூபாயை யாரும் கொடுப்பதில்லை. சாய்ந்த பகுதியைப் பின்னோக்கி நீட்டினால் கட்டண அச்சை வெட்டும் இடம் அது, அவ்வளவுதான். வெட்டுத்துண்டுக்கு எப்போதும் நடைமுறைப் பொருள் இருக்க வேண்டும் என்பதில்லை, சாய்வுக்கு இங்கே "கிலோமீட்டருக்கு இத்தனை ரூபாய்" என்று தெளிவான பொருள் இருக்கிறது, இரண்டையும் ஒரே உதாரணத்தில் காட்டிவிடலாம்.

செல்சியஸ்–பாரன்ஹீட் கோடும் அருமையான பயிற்சி. தண்ணீர் உறைவது (0, 32), கொதிப்பது (100, 212). சாய்வு 180/100, அதாவது 9/5, தொடக்கம் 32. சமன்பாடு எழுதிய பிறகு, இரண்டு அளவிலும் ஒரே எண் வரும் இடம் உண்டா என்று கேளுங்கள். −40 இல் வரும். அச்சுகளை மாற்றி வரைந்தால் சாய்வு 5/9 ஆகிறது என்பதையும் பார்த்துவிட்டால், எந்த அச்சில் எது இருக்கிறது என்று முதலில் படிக்கும் பழக்கம் வரும்.

கிடைக்கோடும் செங்குத்துக்கோடும் தனி வகுப்புக்கு உரியவை. (3, −1), (3, 0), (3, 2), (3, 5) வழியாக நிற்கும் கோட்டைக் காட்டினால் பலர் ஒய் = 3 என்பார்கள், கோடு ஒய் அச்சு மாதிரியே நிற்கிறது என்பதால். மறுபடி அட்டவணைக்கே போங்கள். எது மாறாமல் இருக்கிறது? எக்ஸ். அப்போது விதி எக்ஸ் = 3, ஒய் எதுவாகவும் இருக்கலாம். சாய்வைக் கணக்கிடப் போனால் பூஜ்ஜியத்தால் வகுக்க வேண்டி வரும், அதனால் இதற்குச் சாய்வு வரையறுக்கப்படவில்லை, ஒய் = எம் எக்ஸ் + சி என்று எழுதவே முடியாது. கிடைக்கோட்டுக்குச் சாய்வு 0. "சாய்வு இல்லை" என்று இரண்டுக்கும் பொதுவாகச் சொல்லும் பழக்கத்தை நீங்களும் விட்டுவிடுங்கள், குழப்பம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பயிற்சிக்குக் கணக்குகளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதும் முக்கியம். பத்துக் கணக்கு வரிசையாகக் கொடுப்பதை விட, ஒய் = 2எக்ஸ் + 3, ஒய் = 3எக்ஸ் + 2, ஒய் = −2எக்ஸ் + 3, ஒய் = 2எக்ஸ் − 3 என்று ஒன்றையொன்று ஒத்த நான்கு சமன்பாடுகள், அவற்றின் நான்கு வரைபடங்கள், நான்கு அட்டவணைகள், இவற்றைத் தனித்தனிச் சீட்டுகளில் எழுதிக் கலந்து கொடுத்துப் பொருத்தச் சொல்லுங்கள். சாய்வையும் தொடக்கத்தையும் பிரித்துப் பார்க்காமல் இதைப் பொருத்த முடியாது. ஏன் இதை இதோடு வைத்தாய் என்று கேட்டு அவர்களைப் பேச விடுங்கள். இன்னொன்று, தவறான விடை எழுதிய கணக்கைக் கொடுத்து, எங்கே பிசகியது என்று கண்டுபிடிக்கச் சொல்வது. தலைகீழ்ச் சாய்வு, குறித் தவறு, அளவுத்திட்டத்தை மறந்தது என்று நீங்களே தவறுகளை வைத்து எழுதிக் கொடுங்கள், தன் தவறைத் தேடுவதை விடப் பிறர் தவறைத் தேடுவதில் பிள்ளைகளுக்கு உற்சாகம் அதிகம்.

கைப்பேசியோ கணினியோ இருந்தால் சமன்பாட்டைக் கொடுத்தால் கோடு வரைந்து காட்டும் ஜியோஜீப்ரா செயலியைப் பயன்படுத்துங்கள், இலவசம்தான், நம் பாடநூல்களின் இணையச் செயல்பாடுகளிலும் அது வருகிறது. நீங்கள் ஒரு கோட்டை வரைந்து காட்டுங்கள், பிள்ளை தான் எழுதிய சமன்பாட்டை உள்ளிடட்டும், இரண்டு கோடும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்தால் சரி. விழாவிட்டால் சாய்வில் தவறா வெட்டுத்துண்டில் தவறா என்று படத்தைப் பார்த்தே சொல்ல முடியும்: இணையாகத் தள்ளி நின்றால் வெட்டுத்துண்டு, ஒய் அச்சில் ஒரே இடத்தில் வெட்டி விலகிப் போனால் சாய்வு. ஆனால் தாளில் எழுதிப் பார்த்த பிறகு மட்டும்.

கடைசியாகத் தேர்வுக்கான ஒன்று. பொது வடிவத்துக்கு (ஏ எக்ஸ் + பி ஒய் + சி = 0) மாற்றியதும் பிள்ளைகள் அதிலுள்ள மாறிலியையே வெட்டுத்துண்டு என்று எடுத்துக்கொள்வார்கள், இரண்டுக்கும் சி என்ற ஒரே எழுத்தைப் பயன்படுத்துவதால் வருகிற வினை. 4எக்ஸ் − 3ஒய் + 1 = 0 என்பதில் மாறிலி 1, ஒய் வெட்டுத்துண்டு 1/3. சாய்வுக்கும் அப்படித்தான், எக்ஸின் கெழு 4 என்பதால் சாய்வு 4 ஆகிவிடாது. சந்தேகம் வந்தால் எக்ஸுக்கு 0 போட்டு ஒய்யைக் கண்டுபிடி, பிறகு வரைபடத்தில் கோடு அந்த இடத்தைத்தான் வெட்டுகிறதா என்று பார் என்று சொல்லி வையுங்கள்.